தேங்காய் நின்ற இடம்

திங்கட்கிழமை காலை ஸ்ரீரங்கன் சார் என் மேஜைக்கு வந்து நின்றபோதே டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டேன். அந்த மனுஷர் உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டால் வேலை சின்னது. எழுந்து வந்தால் பெரியது.

"தமிழ்மாறன், ஒரு புது ஆட்-இன் வந்திருக்கு. பதினஞ்சு நாள் ஃப்ரீ. நீங்கதான் கத்துண்டு பண்ணணும். ஆத்தங்கரை ரிப்போர்ட்டுல படம் இதுலதான் போகணும். வெள்ளிக்கிழமை கெடு."

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு புடவைக் கடை குடோனுக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் மண் பரிசோதனை ஆபீஸ். ஸ்ரீரங்கன் சார் முதலாளி, மயிலாப்பூர்க்காரர். நான் மேப் போடுகிறவன். நான் வேலை செய்யும் மேப் மென்பொருள் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டும், ஆற்றைக் காட்டும். கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்த ஆட்-இன்னை அதோடு ஒட்டிவிட்டால் பூமியைப் பக்கவாட்டில் அறுத்து, எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களிமண் என்று கலர் கலராகக் காட்டுமாம். காட்டட்டும், எனக்கென்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆத்தங்கரை என்று சார் சொன்னது பூங்காவனத்தம்மன் தோட்டம். அடையாறு ஆற்றை ஒட்டி நெருக்கியடித்த நூற்றுப் பதினெட்டு வீடுகள், பெயரில் மட்டும்தான் தோட்டம். அங்கேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதா, இல்லை எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளுவதா என்று அரசுத் துறை ஒன்று யோசித்துக்கொண்டிருந்தது. மண் தாங்கினால் அங்கேயே. தாங்காவிட்டால் லாரி வரும், சாமானை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். தாங்குமா என்று சொல்லப்போவது எங்கள் ரிப்போர்ட்.

அந்த நூற்றுப் பதினெட்டில் ஒன்று என் வீடு. இது ஆபீஸில் எவனுக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது வடபழனியில் இருக்கும் மாமா வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். தோட்டம் என்று எழுதினால் எதிரில் இருப்பவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், ரெண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.

ஆட்-இன்னை ஏற்றவே அரை நாள் போனது. ஏற்றினால் பழைய வெர்ஷன் என்றது. வெர்ஷனை மாற்றினால் லைசென்ஸ் எங்கே என்றது. லைசென்ஸ் நம்பரைப் போட்டால் கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. "கஸ்மாலம்" என்று வாய்விட்டே திட்டினேன். மூன்று மணிக்கு, திரையின் மேலே புதிதாக ஒரு டேப் முளைத்தது. கூடவே ஒரு பயிற்சிப் பாடமும், அதற்கு ஒரு மாதிரிக் கோப்பும். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளத்தாக்கு. அந்தச் சின்ன இடத்தில் மண்ணைப் பார்க்க நாற்பது துளை போட்டிருந்தான். பாடத்தில் சொன்னபடி ஒரு கோடு இழுத்தேன், பள்ளத்தாக்கு ரொட்டி மாதிரி அறுபட்டு அடுக்கடுக்காக நின்றது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் நம்முடையதைப் போட்டேன். நம்மிடம் நாற்பது இல்லை, மூன்று. துறை அதற்குத்தான் காசு ஒதுக்கியிருந்தது. முதல் துளை ரோடு முனையில், இரண்டாவது தோட்டத்துக்கு நடுவில் ரேஷன் கடையருகே, மூன்றாவது ஆற்றோரம். எங்கள் போர்வெல் வண்டிக்காரர் பொன்னுரங்கம் ஜனவரியில் போட்டு, எத்தனை மீட்டரில் என்ன மண் வந்தது என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். துளை எங்கே என்று பிளானைப் பார்த்து ஒரு பட்டியல், உள்ளே என்ன என்று ஒரு பட்டியல். இரண்டையும் ஏற்றி, ரோட்டிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு கோடு இழுத்து, பொத்தானை அழுத்தினேன்.

ஐயோ, அந்தப் படம்! இந்த முனையில் மஞ்சள், அந்த முனையில் மஞ்சள், நடுவில் பூராவும் கறுப்பு. மஞ்சள் என்றால் மணல், கறுப்பு என்றால் நிரப்பின குப்பை மண். நடுத் துளையில் ஏழு மீட்டர் ஆழத்துக்கு அதுதான் வந்திருந்தது. கரிய சேறு, உடைந்த செங்கல், பிளாஸ்டிக், ஒரு செருப்பு அடிப்பாகம் என்றுகூட பொன்னுரங்கம் எழுதியிருந்தார். இரண்டு துளைக்கு இடையில் என்ன இருக்கிறது என்று ஆட்-இன்னுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் பாதி தூரம், அந்தப் பக்கம் பாதி தூரம் அதுவாகவே கறுப்பை இழுத்து நிரப்பிவிட்டது. ஆழத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டு என்று அதற்குள் முதலிலேயே வைத்திருக்கிறான் வேறு. எங்கள் தெரு ஒரு பாதாளத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பிறந்து இருபத்தெட்டு வருஷமாக நடக்கிற தரை அது. ரேஷன் கடை வாசலில் பந்தக்கால் நட கடப்பாறை போட்டால் நெருப்புப் பறக்கும். குப்பை மண்ணாவது ஒண்ணாவது. உடனே பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தோட்டத்துல ரெண்டாவது போர் ரேஷன் கடையாண்டதானே போட்டீங்கோ?"

"பிளான் அங்கதான் நைனா. ஆனா அந்தம்மா வுடல. கீழ்மூலைல, கக்கூஸாண்ட போடுன்னு ஒரே பேஜாரு. எங்க போட்டா இன்னான்னு நானும் போட்டேன். எடம் மாறுனத்த நோட்டுல கரீட்டா எழுதிக்கீறனே, பாக்கல?"

"எந்தம்மா?"

"பேரு தெரியல. கைல தேங்கா வச்சுகினு நடந்துச்சு."

போனை வைத்துவிட்டு இரண்டாவது துளையைக் கீழ்மூலைக்கு நகர்த்திப் பார்த்தேன், அப்போதும் கறுப்பு தோட்டம் பூராவும்தான் நீண்டது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவள் எங்கள் தோட்டத்தில் ஒரே ஒருத்திதான்.

வீட்டுக்குப் போனபோது அம்மா குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சொர்ணம். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

"சோறு போடவா?"

"அப்பால போடு. ஜனவரில போர் வண்டி வந்துச்சே, அப்போ நீ இன்னா பண்ணே?"

அவள் முகம் பூரித்துப் போனது. "அத்த ஏன் கேக்குற! அந்தாளு ரேஷன் கடை வாசல்ல போட்றேன்னு நின்னான். அங்க ஏதுடா தண்ணி? பாறையாட்டம் கீது. நான் தேங்காய உள்ளங்கைல படுக்க வச்சுகினு நடந்தேன். கக்கூஸாண்ட வந்ததும் டக்குனு எந்திரிச்சு நின்னுச்சு பாரு, எல்லாரும் பாத்தாங்கோ! அவன் கையப் புடிச்சு இஸ்துகினு வந்து, இங்க போடு நைனான்னேன். சூடம்கூட ஏத்துனோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் தேங்கா மேட்டர்னா சிரிப்பியே. தண்ணி வந்தப்பறம் சொல்லலாம்னு வுட்டுட்டேன். ஆமா, மூணு மாசமாச்சு, மோட்டார் எப்பதான் வப்பாங்கோ?"

"அது தண்ணி போர் இல்லமா!" கத்திவிட்டேன். "மண்ணு எடுக்குற போர். தண்ணி வராது. மோட்டாரும் வராது. அறிவு கீதா உனக்கு? உன்ன யாரு போய் எடம் காட்டச் சொன்னது?"

அவளுக்குப் புரியவில்லை. புரியவைத்தேன். அவ்வளவு கோபத்தில் புரியவைத்திருக்கக் கூடாது. கக்கூஸ் இருக்கிற கீழ்மூலை முன்னே குட்டையாக இருந்து தூர்ந்த இடம் என்று அவளே சொன்னாள், அவளுடைய மாமியார் சொல்லக் கேட்டதாம். குட்டையில் தண்ணீர் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? தேங்காய் சரியாகத்தான் நின்றிருக்கிறது. அந்த ஒரு மூலைக் குப்பையை வைத்துத்தான் தோட்டம் முழுக்கவும் சேறு என்று படம் போகப்போகிறது என்றேன்.

"அப்போ காலி பண்ணச் சொல்வாங்களா?"

"சொல்வாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் தங்கச்சியை, என் சின்னம்மாவை, ஆற்றின் அக்கரையிலிருந்து நாலு வருஷம் முன்னால் இப்படித்தான் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். எட்டாவது மாடி. வேலைக்கு வர இரண்டு பஸ், விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். எட்டே மாதத்தில் வேலை போனது, அப்புறம் சித்தப்பா வீட்டை விட்டே போனார். ஒவ்வொரு தடவை அவளைப் பார்த்துவிட்டு வரும்போதும் அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கமாட்டாள்.

"என்னாலயாடா? நூத்திப் பதினெட்டு வூடும் என்னாலயா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் இல்லை. புதன்கிழமை வேலைக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆபீஸில் சாரிடம் போய் நின்றேன். இன்னும் இரண்டு துளை போட வேண்டும் சார், இந்தப் படம் தப்பு என்றேன்.

"வண்டி செங்கல்பட்டுல இருக்கு. காசும் இல்லை. தப்புன்னு எப்படிச் சொல்றேள்? சேறு நெஜம், செருப்பு நெஜம்."

"அது பழைய குட்டை சார். அந்த மூலை மட்டும்தான். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்ல வேண்டியதாயிற்று. "எங்க வீடு அங்கதான் சார்."

நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறும் என்று காத்திருந்தேன், மாறவில்லை. "அப்போ நீங்க சொன்னேள்ங்கறதுக்காக நான் ஒண்ணும் பண்ண முடியாது. வம்பாயிடும். காகிதம் கொண்டு வாங்கோ. குட்டையோட எல்லை இதுதான்னு ஒரு பழைய படம் இருந்தா, அதைப் பின்னால வெச்சு, கறுப்பை அதோட நிறுத்திடலாம்," என்றார்.

நல்ல மனுஷர்தான். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ராயப்பேட்டையில் அன்வர் பாஷா கடை இருக்கிறது. கட்டட பிளான், பெரிய சைஸ் ஜெராக்ஸ் எல்லாம் போடுகிறவர். சர்வேக்காரர்கள் நாற்பது வருஷமாக அவரிடம் காப்பி எடுத்ததில் பழைய ஷீட்டுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருந்தன. வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க அவரோடு உட்கார்ந்து பிரித்தேன். தும்மித் தும்மி மூக்கே போய்விட்டது. நாலு மணிக்கு எங்கள் பகுதியின் சர்வே ஷீட் கிடைத்தது. ஆறு, பழைய பாலம், அம்மன் கோயில், எல்லாம் இருந்தன. கீழ்மூலையில் சின்னதாக ஒரு நீலக் கோடு, அதற்குள் குட்டை என்று எழுதியிருந்தது. இத்தனூண்டு!

"பாய், நீங்க தெய்வம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அல்லா பேர சொல்லு தம்பி, என்ன எதுக்கு அங்க ஏத்துற," என்று சிரித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஷீட்டைப் பார்த்தார். "சர்க்காருக்கா குடுக்கப்போற? முழுசா படிச்சுட்டுக் குடு. நமக்கு வேண்டியத மட்டும் அவங்க பாக்க மாட்டாங்க."

"நேரமில்ல பாய். நாளைக்குக் கெடு."

என் புத்தியை எதால் அடிப்பது? நின்று நிதானமாக ஐந்து நிமிஷம் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆபீஸுக்கு ஓடினேன். ஷீட்டை ஸ்கேன் செய்து, பாலத்தையும் கோயிலையும் வைத்து இன்றைய மேப்பின் மேல் சரியாகப் பொருத்தினேன். நீலக் கோட்டுக்குள் ஒன்பதே வீடுகள். அதை எல்லையாக வைத்து, கறுப்பு இதைத் தாண்டக் கூடாது என்று ஆட்-இன்னுக்குச் சொன்னேன். பத்து மடங்கு ஆழத்தை இரண்டாக்கினேன். மறுபடி அழுத்தினேன்.

அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மஞ்சள், கெட்டியான மணல். ஓரத்தில் ஒரு கிண்ணம் அளவுக்குக் கறுப்பு. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன், வெட்கமென்ன. சார் படத்தைப் பார்த்தார், ஷீட்டை இணைப்பாக வைக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். கட்டடத்துக்கு ஏற்ற நிலம் என்று ரிப்போர்ட் போனது.

அரை கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "உன் குட்டைய மூலைல குந்த வச்சுட்டேன்மா, எழுந்திரு" என்றேன். எழுந்து உட்கார்ந்தாள். ஒரு ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, என் தலையைச் சுற்றி விரலை நெட்டி முறித்தாள். அடுத்த மூன்று வாரம் மாதிரி ஒரு காலம் எங்களுக்கு அதற்கு முன் இருந்ததில்லை. மாடி வீடு வந்தால் எந்த மாடி கேட்கலாம் என்றுகூடப் பேசினாள்.

நாலாவது வாரம் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் துறையின் கடிதம், அதோடு நான் வைத்த பழைய ஷீட்டின் காப்பி.

"உட்காருங்கோ தமிழ்மாறன்."

உட்காரச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க நீலக் கோட்டை மட்டும் பார்த்தேள். நானும் அதைத்தான் பார்த்தேன். இந்தக் கறுப்புக் கோட்டை ரெண்டு பேருமே பார்க்கலை." பென்சிலால் சுற்றிக் காட்டினார். ரோட்டிலிருந்து ஆறு வரைக்கும், தோட்டம் மொத்தத்தையும் வளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. ஓரத்தில் சர்வே நம்பர். அதன்கீழே எறும்பு சைஸ் எழுத்தில் குட்டைப் புறம்போக்கு. "தண்ணி, கரை எல்லாம் சேர்த்து ஒரே நம்பர் போட்டிருக்கான். இத்தனை நாள் அவா ரெக்கார்டுல வெறும் சர்க்கார் புறம்போக்குன்னுதான் இருந்திருக்கு. குட்டைங்கற பேரு எப்பவோ விட்டுப்போச்சு. இப்ப நம்ம ஷீட்டைப் பார்த்துட்டுத் திருத்திட்டா."

"திருத்துனா இன்னா சார்?" ஆபீஸில் நான் அப்படிப் பேசுவதில்லை, அன்றைக்கு வந்துவிட்டது.

"நீர்நிலைல வீடு இருக்கப்படாது. அவாளே நெனச்சாலும் இனிமே கட்ட முடியாது. மண்ணு சரியில்லேன்னா பைல் அடிச்சு, ஆழமாத் தூண் எறக்கியாவது கட்டுங்கோன்னு சண்டை போட்டிருக்கலாம். இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"அங்க சொட்டுத் தண்ணி கெடயாது சார். ஒரு போர் தண்ணிக்குத்தான் எங்கம்மா..." அந்த ஷீட்டைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சார் தலையை ஆட்டினார். தனக்கும் இதில் பங்கு இருக்கிறது, கையெழுத்து தன்னுடையது என்றார். அதை வைத்து நான் என்ன செய்ய?

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். "நீ குடுத்ததுன்னு தோட்டத்துல வேற யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபத்தொரு நாள் கெடு. ரேஷன் கடை வாசலில் தோட்டமே கூடிவிட்டது. எங்கள் தலைவர் நல்லசிவம் நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார். "மண் பரிசோதனை அறிக்கையுடன் இணைக்கப்பட்ட வரைபடத்தின்படி" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இன்னா வரைபடம்? எவன்டா குடுத்தது அத்த? தோட்டத்துக்குள்ள கீறவன் சொல்லாம குட்டை இருந்தது வெளிய எவனுக்குத் தெரியும்?"

நாலைந்து பேர் என் பக்கம் திரும்பினார்கள். மேப் போடுகிற வேலை என்று அவர்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

"நான்தான் நல்லசிவம். போர் வண்டிக்காரன்கிட்ட அந்த எடத்தக் காட்டுனது நான்தான், எல்லாரும் பாத்தீங்களே. இங்க குட்டை இருந்துச்சு, தண்ணி வரும்னு வாய வுட்டதும் நான்தான். அத்த வச்சுத்தான் படம் எடுத்துகினான். என் புள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

அப்புறம் பேசாதவர் பாக்கியில்லை. அடுத்த வீட்டு ஜெகதாம்பா, அம்மாவோடு முப்பது வருஷம் குழாயடியில் நின்றவள், குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரினாள். "எங்கள நடுத்தெருவுல நிக்க வச்சியே பாவி, நீ நல்லாருப்பியா" என்று அம்மா மேல் தூற்றினாள். தலையிலும் முகத்திலும் விழுந்தது. அம்மா கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "அவ இல்ல, நான்" என்று மூன்று வார்த்தை. வரவில்லை எனக்கு.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினேன். "ஏம்மா அப்டி சொன்னே?"

"பின்ன? உன்ன வெட்டியிருப்பானுங்க. என்ன இன்னா பண்ணிடுவாங்கோ, மண்ண வாரி வுடுவாங்க, அவ்ளோதானே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நோட்டீஸோடு வீட்டுக்கு வீடு கொடுத்த வரைபடத்தின் காப்பி. தரையில் விரித்து, குனிந்து பார்த்தாள்.

"நீ குடுத்த படம் இதானே? கோடெல்லாம் சுத்தமா கீது. நம்ப வூடு இதுல எங்கடா?"

"வூடெல்லாம் அதுல இல்லமா. அது ரொம்பப் பழசு."

"யாரு வூடுமே இல்லியா?"

"இல்லமா."

அவள் நம்பவில்லை. கோயிலிலிருந்து விரலை வைத்து, எங்கள் சந்து எந்தப் பக்கம் வரும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.